உட்கார்ந்த அளவு

வேன்காரக்காவைக் குளிப்பாட்டுவது அந்த வீட்டில் பெரிய படலமாகிவிட்டிருந்தது. சமையலறை மூலையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கயிறு கட்டி, பழைய படுக்கை விரிப்பைத் திரையாகத் தொங்கவிட வேண்டும். கீழே தார்ப்பாய், அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலி. சக்கர நாற்காலியிலிருந்து அவளைத் தூக்கி அதில் உட்காரவைக்க, புருஷன் ஒருபக்கம், நாத்தனார் ஒருபக்கம். பிறகு புருஷன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விடுவார். நாத்தனார் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு வேலையை ஆரம்பிப்பார்.

நாத்தனார் ஒரு மாணவர் விடுதியில் ஆயுசு முழுக்க அண்டா தேய்த்தவர். அவர் கைக்கு ஒரே ஒரு பலம்தான் தெரியும். அடிப்பிடித்த பாத்திரத்துக்கும் மனுஷ முதுகுக்கும் அது வித்தியாசம் பார்க்காது. கையைத் தூக்கு, குனி, திரும்பு, கண்ணை மூடு என்று உத்தரவுகள் வந்துகொண்டே இருக்கும். வேன்காரக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திரைக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். வாசலில் யாராவது வந்து சட்டை தைத்தாயிற்றா என்று கேட்பார்கள். அவள் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். ஹாரனைத் தொடமாட்டாள், குரல் ஒன்றே போதும், பிள்ளைகள் வாயில் ரொட்டியோடு ஓடிவரும். மழையிலும் பனியிலும் ஓட்டி ஒரு கீறல் விழவிட்டதில்லை. கடைசியில் நின்றுகொண்டிருந்த வண்டிதான் அவளைக் கவிழ்த்தது. சுற்றுலாவுக்குப் போகிற பிள்ளைகளின் பைகளைக் கூரைமேல் ஏறிக் கட்டிக்கொண்டிருந்தாள். தூறல் விழுந்த தகரம் வழுக்கிவிட்டது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கைகள் மட்டும் பழைய கைகள்தான். இப்போதும் யாரையாவது பிடித்தால் விரல் பதியும்.

நாத்தனார் தன் வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு, ஒற்றைப் பையோடு வந்து இறங்கியவர். யாரும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் தம்பி கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்த்துக்கொண்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் வேன்காரக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. குறை இருந்தால் சண்டை போடலாம். இவ்வளவு செய்கிறவரிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது?

ஒருநாள் நாத்தனார் அவசரத்தில் வாளித் தண்ணீரைக் கைவிட்டுப் பார்க்காமல் மடியில் ஊற்றிவிட்டார். நல்ல சூடு. வேன்காரக்காவுக்குத் தெரியவில்லை, வலித்தால்தானே தெரியும். சாயங்காலம் துணி மாற்றும்போதுதான் தொடையில் கொப்புளம் கிளம்பியிருந்ததைப் பார்த்தார்கள். நாத்தனார் அன்று ராத்திரி ஒன்றும் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டார். மருந்து போட்ட டாக்டர் எல்லாரையும் சேர்த்துத் திட்டினார். அந்த வாரமே தையல்காரரான புருஷன் கொத்தனாரைக் கூட்டிவந்து குளியலறையைக் காட்டினார். சக்கர நாற்காலி நுழையாத குறுகலான கதவு, கால் இடறும் வாசற்படி, வழுக்கும் தரை, எல்லாவற்றையும் மாற்றுவது என்று முடிவாயிற்று.

கொத்தனார் சொன்னபடி செய்தார். வாசற்படியை எடுத்தார், கதவை அகலமாக்கினார், தண்ணீர் ஓடத் தரையைச் சரித்துச் சொரசொரப்பான ஓடு பதித்தார். குழாய், ஷவர், கைப்பிடி எல்லாம் நீங்கள் வாங்கிவைத்துவிட்டுப் பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு வேலை நின்றது.

தையல்காரர் நல்ல மனுஷர். ஆனால் ஒரு சட்டைக்குப் பொத்தான் வாங்கவே கடைவீதியை இரண்டு தடவை சுற்றுகிறவர். வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று அவரிடம்தான் கேட்கவேண்டும். குழாய்க் கடைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. தினமும் சாயங்காலம் ஒரு விளம்பரப் புத்தகத்தோடு வருவார். வட்டமா சதுரமா, பளபளப்பா மங்கலா என்று கேட்பார். அவள் ஏதாவது ஒன்றைச் சொல்வாள். நல்லதுதான், ஆனால் இன்னொரு கடையையும் பார்த்துவிடுவோம் என்பார். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். சீருடைத் துணி முன்னறையில் மலைபோலக் குவிந்து கிடந்தது. இந்த வேலை முடியட்டும் என்பார் ஒருநாள். மழை விடட்டும் என்பார் மறுநாள். அடைமழைக் காலம் அது. துவைத்த துணி காயாமல் வீடெங்கும் தொங்கி ஈரவாடை அடித்தது. குளியலறைச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய் முனைகளில் கந்தல் சுற்றியிருந்தது. அடிபட்ட விரல்களுக்குக் கட்டுப் போட்ட மாதிரி அவை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் ஒவ்வொரு காலையிலும் அந்தக் கதவைத் தாண்டித்தான் தார்ப்பாய்க்குப் போகவேண்டியிருந்தது.

கடைசியில் அவளே கிளம்பினாள். நானும் கடைக்கு வருகிறேன், இன்றைக்கே போகலாம் என்றாள். மெஷினில் இருந்த கையை அவர் எடுக்கும்வரை விடவில்லை.

கடை வாசலில் படி இருந்தது. நடமாட முடியாதவர்களுக்கான குளியலறைச் சாமான்கள் இங்கே கிடைக்கும் என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே படி. தையல்காரரும் கடை ஆள் ஒருவரும் சேர்ந்து நாற்காலியோடு அவளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். மூட்டை இறக்குகிற மாதிரி இறக்கினார்கள். உள்ளே எல்லாம் நிற்கிறவர் கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தது. அவளுக்குக் குழாய்களின் அடிவயிறுதான் தெரிந்தது.

டை கட்டிய விற்பனையாளர் நேராகத் தையல்காரரிடம் போனார். பேஷண்டுக்கா சார் என்றார். பேஷண்ட் கையைத் தூக்குவாங்களா, பேஷண்டுக்கு வெயிட் எவ்வளவு இருக்கும் என்று அவள் தலைக்கு மேலேயே விசாரணை நடந்தது. தையல்காரரும் சங்கடத்தோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேன்காரக்கா நாற்காலியை உருட்டி இருவருக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"பேஷண்ட் யாரும் வரலைங்க. நான்தான் வந்திருக்கேன். கொஞ்சம் குனிஞ்சு என்கிட்ட பேசுங்க."

விற்பனையாளர் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்தார். ஆனால் குனிந்தும் பிரயோஜனம் இல்லை. தாம்பாளம் அகலத்துக்கு மழைபோலக் கொட்டுகிற ஷவர் ஒன்றைக் காட்டினார். கையில் பிடிக்கிற ஷவரில் தண்ணீர் ஐந்து விதமாக விழும், உடம்பு பிடித்துவிட்டாற்போல இருக்கும் என்றார். அவள் கேட்டது வேறு. ஷவரைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலாலேயே தண்ணீரை நிறுத்தமுடியுமா? குழாய் எவ்வளவு தூரம் நீளும்? சூடு ஏறிப்போகாமல் ஒரே அளவில் வைக்கிற குழாய் உண்டா? கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் திரும்பிவந்து, பெட்டியைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், வாங்காமல் பிரிக்க முடியாது என்றார்.

சுவரில் மடக்குகிற இருக்கை ஒன்று பலகையில் மாட்டியிருந்தது. அவள் அதன் பக்கத்தில் நாற்காலியைச் சேர்த்து நிறுத்தி, மாறி உட்கார்ந்து பார்க்கலாமா என்றாள். விற்பனையாளர் பதறிப்போனார்.

"அது சும்மா காட்டுறதுக்கு மாட்டியிருக்கும்மா. உக்காந்தா கழண்டுரும்."

"உக்கார்றதுக்குத்தானே விக்கிறீங்க?"

"வாங்கிட்டுப் போயி வீட்ல உக்காருங்க."

அந்த நேரத்தில் தையல்காரர் கொஞ்சம் தள்ளி ஒரு கம்பியைத் தடவிக்கொண்டு நின்றார். மெல்லிசான, பூவேலை செய்த, தங்க நிறக் கம்பி. அதற்குக் கீழே தடித்த வெள்ளைக் கைப்பிடிகள் வரிசையாக இருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. "இது ஆஸ்பத்திரி மாதிரி இல்ல பாரு" என்றார். குரலில் ஒரு கெஞ்சல். அவளுக்குச் சலிப்பு மண்டைக்கு ஏறியது. வீட்டுக்குப் போகலாம் என்றாள். ஒன்றும் வாங்காமல், மறுபடி படியில் தூக்கி இறக்கப்பட்டு, மழையில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள். 

வீட்டில் நாத்தனார் உருளைக்கிழங்கு வேகவைத்து, தேநீரோடு காத்திருந்தார். வெறுங்கையோடு வந்ததைப் பார்த்ததும், எதற்கு இந்த அலைச்சல் என்று ஆரம்பித்தார். குழாய் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குளிப்பாட்டப் போவது தான்தானே, தண்ணீரை இனிமேல் கைவிட்டுப் பார்க்காமல் ஊற்றுவேனா என்று கேட்டார். அரைத்த மாவையே அரைக்கிறார் என்று வேன்காரக்கா நினைத்தாள். கிழங்கின் தோலை உரித்து உரித்துத் தட்டு ஓரத்தில் வைத்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"கதவைச் சாத்திக்கிட்டுக் குளிக்கணும் அண்ணி. தனியா."

"நான் என்ன மூணாம் மனுஷியா?"

"நீங்கன்னு இல்ல. யாருமே இல்லாம."

"உன் ஒடம்புல நான் பாக்காதது இனிமே என்ன இருக்கு?"

"அதைத்தான் அண்ணி சொல்றேன்."

நாத்தனார் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். அப்புறம் சமையலறையில் பாத்திரங்கள் படாதபாடு பட்டன. வேன்காரக்கா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொன்ன நிம்மதி வரவில்லை. சோறு போட்ட கையைத் தட்டிவிட்டாற்போல இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கவும் மனசு வரவில்லை.

இரண்டு பெண்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் எந்தத் தையல்காரரும் வேகமாகத்தான் வேலை செய்வார். அடுத்த சில நாட்களில் அவர் யாரையும் கேட்காமல் தனியாகப் போய் எல்லாவற்றையும் வாங்கிவந்துவிட்டார். பிளம்பரையும் பிடித்துவந்தார். பிளம்பர் வேலை தெரிந்தவர்தான், ஆனால் அவருடைய போன் ஓயாது. ஒரு கை துளைக்கருவியில், ஒரு கை காதில். பாதி வேலையில் எங்கேயோ போவார், வருவார். சுவர் துளைக்கிற சத்தத்தில் வீடே அதிர்ந்தது. சீருடைத் துணிமேல் சிமெண்டுத் தூசி படியாமல் இருக்க நாத்தனார் போர்வை போட்டு மூடினார். வேன்காரக்கா படுக்கையறையில் இருந்தாள். முடிந்தபிறகு பார்க்கட்டும், அதுவரைக்கும் எட்டிப் பார்க்கக்கூடாது என்று தையல்காரர் சொல்லியிருந்தார். பிறந்தநாள் பரிசு வைத்திருக்கிறவர் மாதிரி அவர் முகம் இருந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு மனமில்லை.

வேலை முடிந்ததும் முதலில் உள்ளே போனது நாத்தனார். நாற்காலியிலிருந்து மாறும்போது தம்பி பெண்டாட்டி பிடிக்கவேண்டிய கம்பி தாங்குமா என்று சோதிக்காமல் விடுவதாக இல்லை. பூவேலை செய்த அந்தத் தங்க நிறக் கம்பியை இரண்டு கையாலும் பற்றி, காலை மடக்கித் தொங்கினார். ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கம்பி, திருகாணி, ஒரு முழு ஓடு எல்லாவற்றோடும் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினார்கள். நாத்தனார் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் விழுந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல துண்டு காயப்போடலாம்டா தம்பி" என்றார். "அதுவும் நனையாத துண்டா இருக்கணும்."

பிளம்பர், அது துண்டு போடுகிற கம்பிதான், அண்ணன் கேட்டார் என்று மாட்டினேன் என்றார். சுவரும் உள்ளே கூடாக இருக்கிற செங்கல். வெறும் திருகாணி நிற்காது என்றார். இதைத் துளைக்கும் முன்னே சொன்னால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது.

வேன்காரக்கா அதற்குள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். நாத்தனாருக்கு அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டு உள்ளே வந்தாள். வேன் கூரையிலிருந்து விழுந்த அந்த நாளுக்குப் பிறகு அவள் அந்த அறைக்குள் வருவது இதுதான் முதல் தடவை. ஈரச் சிமெண்டு வாடை அடித்தது. எல்லாம் மின்னியது. குழாயின் திருகு உருண்டையாக, வழுவழுவென்று, பார்க்க அழகாக இருந்தது. நுரை பட்ட கை அதைத் திருப்பவே முடியாது. சுவர் ஓரத்தில் மடக்கு இருக்கை. அதற்கு மேலே, மேலே, கைஷவர் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டினாள். எட்டவில்லை. தோளை உயர்த்தி, உடம்பை எக்கி நீட்டினாள். விரல்நுனிக்கும் ஷவருக்கும் நடுவே இன்னும் ஒரு சாண் வெற்றிடம் இருந்தது.

இதை யார் இங்கே மாட்டச் சொன்னது என்று பிளம்பரைக் கேட்டாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே சுவரைக் காட்டினார். அண்ணன்தான் குறித்துக் கொடுத்தார், குறி இன்னும் இருக்கிறது என்றார். ஓட்டின் மேல், துணி வெட்டக் குறிக்கிற சாக்குக்கட்டியால் போட்ட நீலக்கோடு. சட்டைக்குப் போடுகிற அதே நேர்கோடு.

தையல்காரர் பிளம்பரைத் தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். நாத்தனார் எழுந்து, கம்பியோடு சமையலறைக்குப் போனார். கணவனும் மனைவியும் மட்டும் நின்றார்கள்; அவர் நின்றார், அவள் உட்கார்ந்திருந்தாள்.

"உன் அளவுக்குத்தான் வச்சேன்" என்றார் அவர்.

"எந்த அளவு?"

அவர் நீலக்கோட்டைப் பார்த்தார். அவளுக்குச் சட்டை தைக்க அவர் நாடா எடுத்து வருஷக்கணக்காகிறது. தோள் எங்கே, கழுத்து எங்கே, கையைத் தூக்கினால் எதுவரை வரும், எல்லாம் கண்ணிலேயே இருந்தது. வெறும் சுவருக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக்கூட அவரால் அவளை வரைந்திருக்க முடியும். வரைந்தும்தான் இருந்தார்.

"இது நான் நின்ன அளவுங்க."

"டாக்டர் ஒரேயடியா முடியாதுன்னு சொல்லலையே."

"சொன்னாரு. நீங்க அப்ப ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டு இருந்தீங்க. சொன்னதைக் காதுல வாங்கவே இல்ல."

"நாளைக்கே நீ எழுந்து நின்னா? கீழ வச்சுட்டா உனக்குக் குனிய வேண்டியிருக்குமே."

"நின்னேன்னா சந்தோஷமா குனிஞ்சு குளிச்சுக்கிறேன். இப்ப உக்காந்திருக்கவளுக்கு மாட்டிக் குடுங்க."

இத்தனை நாள் இவர் பொத்தான் பொறுக்குகிற மாதிரிக் குழாய் பொறுக்கியதும், இன்னொரு கடை பார்ப்போம் என்று அலைந்ததும், மழையையும் சீருடையையும் சாக்குச் சொன்னதும் எதற்கு என்று அவளுக்கு அந்த இடத்தில் விளங்கியது. வெள்ளைக் கைப்பிடிகளை அவர் ஏறிட்டுப் பார்க்காததும் விளங்கியது. கோபம் தணிந்துவிட்டது என்று சொல்லமுடியாது. இன்னும் கூடத்தான் செய்தது. இவருடைய நம்பிக்கைக்குக் காவல் இருக்கத் தன் முதுகு சமையலறைத் தார்ப்பாயில் தேய்பட்டுக்கொண்டிருந்திருக்கிறதே என்று நினைத்தாள். அதையும் சொன்னாள். நீங்கள் நம்பிக்கொண்டிருந்த அத்தனை காலமும் நான் எல்லார் முன்னாலும் அம்மணமாக உட்கார்ந்திருந்தேன் என்றாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அழவில்லை. 

பிறகு கழுத்தில் எப்போதும் கிடக்கிற அளவு நாடாவை எடுத்தார். ஈரத்தரையில் மண்டியிட்டார்.

"கையை நீட்டு" என்றார்.

அவள் நீட்டினாள். முன்னால் ஒருதரம், பக்கவாட்டில் ஒருதரம், மேலே ஒருதரம். கஷ்டப்படாமல் எட்டுகிற தூரம் எது, எக்கி எட்டுகிற தூரம் எது என்று கேட்டுக் கேட்டு அளந்தார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. பழைய கோட்டை ஈரத்துணியால் துடைத்தார். நன்றாக அழுத்தித் துடைத்தும் மெல்லிய தடம் ஒன்று மிஞ்சியது. அதற்கு வெகு கீழே புதுக்கோட்டைப் போட்டார்.

மறுநாள் மறுபடி கடை, மறுபடி படி. இந்தத் தடவை தையல்காரர் மாட்டியதையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்து பெட்டிகளோடு மேசைமேல் வைத்தார். அவள் கேட்பதையெல்லாம் பிரித்துக் காட்டினால்தான் வேறு எடுப்போம், இல்லாவிட்டால் வேறு கடைக்குப் போகிறோம் என்றார். பேச்சு நீண்டது. விற்பனையாளர் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே பிரிக்கச் சொன்னார். அவள் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்தாள். உருண்டைத் திருகுக்குப் பதில், மணிக்கட்டாலேயே தள்ளக்கூடிய நீளப்பிடிக் குழாய். சூடு ஏறாமல் பூட்டிவைக்கிற வகை. கட்டைவிரல் அழுத்தத்தில் நிற்கிற கைஷவர், அதை மேலும் கீழும் நகர்த்த ஒரு தண்டு. தடித்த, சொரசொரப்பான வெள்ளைக் கைப்பிடிகள். இரும்புக் கியரைப் பிடித்துப் பழகிய கைக்கு அவைதான் சரியாக இருந்தன. அவள் எடுத்த இருக்கை கையிருப்பில் இல்லை, வர நாளாகும் என்றார்கள். காத்திருக்கவேண்டியிருந்தது. வந்தபோது இடது பக்கத்துக்கானதை அனுப்பியிருந்தார்கள். திருப்பி அனுப்பி மறுபடி காத்திருந்தார்கள். பிளம்பர் சுவரைத் தாண்டித் துளைபோட்டு, சமையலறைப் பக்கம் இரும்புத் தகடு வைத்து முடுக்கினார். தன் அடுப்புக்கு மேலே நாலு பெரிய திருகாணி முளைத்திருப்பதைப் பார்த்து நாத்தனார் பிளம்பரிடம் ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் புதுக் கைப்பிடியில் அவர்தான் முதலில் தொங்கினார். அது அசையவில்லை. தையல்காரரையும் கூப்பிட்டுத் தொங்கச் சொன்னார்.

இதெல்லாம் முடிந்தும் கடைசியாக ஒரு சண்டை மிச்சமிருந்தது. தாழ்ப்பாள். உள்ளே தாழ்ப்பாளே கூடாது, விழுந்து கிடந்தால் யார் கதவை உடைப்பது என்று நாத்தனார். தாழ் இல்லாத கதவும் திரையும் ஒன்றுதான் என்று வேன்காரக்கா. அதில் அக்கா சொல்வதும் நியாயம்தான் என்று தையல்காரர் வழவழவென்று இழுக்க, பெண்கள் இருவரும் ஒரே நேரத்தில் அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். முடிவில் உள்ளே பூட்டினாலும் வெளியிலிருந்து ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறக்கிற பூட்டு ஒன்றை மாட்டினார்கள். அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. நாத்தனாருக்கும் இல்லை.

மழை விட்டு வெளிறிய வெயில் அடித்த ஒரு காலையில் அவள் துண்டையும் மாற்றுத்துணியையும் மடியில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழைத் திருப்பினாள். வெளியே நாத்தனார் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்கிற சத்தம் கேட்டது. நாணயம் அவர் உள்ளங்கையில் தயாராக இருக்கும் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும்.

நாற்காலியை இருக்கையோடு சேர்த்து நிறுத்தி, இரு பக்கமும் பூட்டினாள். துணி களைவதற்கே வெகுநேரம் ஆனது. கைப்பிடியைப் பற்றி உடம்பைத் தூக்கி நகர்த்தினாள். முதல் தடவை பாதியில் நின்றுவிட்டது. காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, மறுபடி பற்றி நகர்ந்தாள். இருக்கைக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. வெளியே, என்ன சத்தத்தையே காணோம் என்றார் நாத்தனார். இருக்கேன் அண்ணி என்றாள்.

குழாயைத் தள்ளினாள். மணிக்கட்டில் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தாள். சூடு சரியாக இருந்தது. கைஷவரை எடுத்துத் தலைக்குமேல் பிடித்தாள். யாரும் கண்ணை மூடு என்று சொல்லவில்லை. அவள் திறந்த கண்ணோடேயே இருந்தாள். தண்ணீர் இமையில் இறங்கி, முகத்தில் இறங்கி, கழுத்திலும் மார்பிலும் வழிந்து இடுப்புவரை வந்தது. அதற்குக் கீழே அது போவதைக் கண்ணால்தான் பார்க்க முடிந்தது. பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்த மனமில்லாமல் வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

பிறகு சோப்பை எடுத்தாள். கழுத்துக்கும் ஒரு கைக்கும் போட்டிருப்பாள். புதுச் சோப்பு, வழுக்கி விழுந்தது. விழுந்து நிற்கவும் இல்லை. தரையின் சரிவில் சாவகாசமாக ஓடி, எதிர் மூலையில் தண்ணீர் போகிற சல்லடைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை அளவு எடுத்து, இத்தனை சண்டை போட்டு மாட்டியதில் சோப்பு வைக்க ஒரு குழிவான தட்டு யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான் தோன்றவில்லை. அவள் சோப்பையே பார்த்தாள். ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும், நாணயம் திரும்பிவிடும்.

கூப்பிடவில்லை. வெறும் தண்ணீரிலேயே மிச்ச உடம்பைக் கழுவினாள். முதுகுக்குக் கைஷவரைத் தோள்மேல் கவிழ்த்தாள். கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து நனைத்தாள். துடைத்தாள், எக்கி எக்கிச் சட்டையைப் போட்டாள், கால்சட்டைக்கு மல்லுக்கட்டினாள், நாற்காலிக்கு மாறினாள். திரும்புவதற்குள் துண்டு பாதி நனைந்திருந்தது. கதவைத் திறந்தபோது நாத்தனார் எழுந்து நின்றார். தையல்காரர் முன்னறையில் மெஷினை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்.

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஈரத் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா தேச்சுக் குளிச்சியா?"

"குளிச்சேன்."

"சோப்புப் போட்டியா?"

"போட்டேன் அண்ணி."

"முதுகுக்கு?"

"முதுகுக்கும்தான்" என்று சொல்லிவிட்டு வேன்காரக்கா அவரைக் கடந்து, வெயில் விழுந்திருந்த வாசல் பக்கமாக நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள்.